நாணயத்திற்கு ஓர் எண்

‘நாணயம்’ என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் தருவது. கையில் உள்ள காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் பண்பும் நாணயம். ‘கடன்’ என்பதும் அத்தகையதே. திருப்பித் தர வேண்டிய பொருளைக் கடன் என்கிறோம். செய்தே தீர வேண்டிய கடமையையும் கடன் என்கிறோம். இந்தி மொழியில் ‘சாக்’ என்பது சாட்சியையும் குறிக்கும், வணிகனுக்குச் சந்தையில் உள்ள நம்பிக்கையையும் குறிக்கும். குஜராத்தி வணிகரோ மானம் என்று பொருள்படும் ‘ஆப்ரு’ என்ற சொல்லாலேயே கடன் பெறும் தகுதியையும் சுட்டி வந்தனர். ஆங்கிலேயர் வழங்கும் ‘கிரெடிட்’ என்பதும் ‘நம்புதல்’ என்னும் இலத்தீன் வினையினின்று பிறந்ததே. மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட எனக்கு இவ்வொற்றுமை பலகாலும் வியப்பளித்ததுண்டு. எந்த மொழியினராயினும், கடன் என்றவுடன் அவர்கள் உள்ளத்தில் முதலில் எழுவது பணம் அன்று, மனிதனின் குணமே.

அந்தக் குணத்திற்கு இன்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது 300 முதல் 900 வரை செல்லும். வங்கியில் வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ விண்ணப்பிப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னரே அலுவலர் அந்த எண்ணைப் பார்த்துவிடுகிறார். தவணை தவறித் தண்டல்காரரிடம் ஒப்படைக்கப்பட்ட பழங்கடன் ஒன்று இருந்தால், அந்த எண் சரிந்து கிடக்கும். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, கடன் தண்டலும் கடன் மதிப்பும் எப்போது ஒன்றோடொன்று பிணைந்தன என்பதைச் சற்றே பின்னோக்கிச் சென்று காண்போம்.

பழைய நாளில் கடனாளியின் நிலையை ஊரே அறிந்திருந்தது. தனியே ஏடு வேண்டியிருக்கவில்லை. வட இந்தியச் சந்தைகளில் கடனைத் தீர்க்க இயலாத வணிகன் பட்டப்பகலிலே தன் கடையில் விளக்கேற்றி வைப்பான் என்றும், அதைக் கண்டோர் அவன் நொடித்துவிட்டதை உணர்ந்துகொள்வர் என்றும் கூறுவர். ‘திவாலா’ என்ற சொல் அந்த விளக்கினின்றே பிறந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அதுவே தமிழில் ‘திவால்’ ஆயிற்று. நம் ஊர்களில் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்று சொல்வதும் இதைப் போன்றதே. இவை கொடிய அவமானங்கள்தாம். ஆயினும் அவற்றுக்கு ஓர் எல்லை இருந்தது. விளக்கு அணைந்துவிடும், பக்கத்து ஊருக்குப் போனால் அந்தப் பேச்சும் தேய்ந்துவிடும். ஏடு பிறந்த பின் அந்த எல்லை மறைந்தது.

ஏட்டின் கொடுமையை இந்தியா கண்ட நாள் 1875ஆம் ஆண்டு மே 12. பூனா மாவட்டம் பீம்தடி தாலுகாவிலுள்ள சூபா என்னும் ஊரில் அன்று சந்தை கூடியிருந்தது. சுற்றுக் கிராமங்களின் குடியானவர்கள் திரண்டு, லேவாதேவி செய்துவந்த குஜராத்தி வணிகரின் வீடுகளையும் கடைகளையும் சூழ்ந்துகொண்டனர். அவர்கள் முதன்மையாகக் கேட்டது பொன்னையன்று, உயிரையும் அன்று. கடன் பத்திரங்களையும் கணக்கேடுகளையுமே கேட்டனர். கிடைத்தவற்றைத் தெருவிலே குவித்துத் தீயிட்டனர். கலகம் பூனா, அகமதுநகர் ஆகிய இரு மாவட்டங்களிலும் முப்பதுக்கு மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிற்று. பத்திரத்தைக் கேட்டவுடன் கொடுத்த வணிகருக்குப் பெரும்பாலும் வேறு தீங்கு நேரவில்லை என்பது கவனிக்கத் தக்கது. கலகத்திற்குச் சில மாதங்கள் முன்னரே சில ஊர்களில் வட்டிக்காரருக்குத் தண்ணீர் சுமப்பதில்லை, முடி மழிப்பதில்லை என்று கட்டுப்பாடு செய்துகொண்டிருந்தனர்.

இந்தக் கோபத்தின் வேர் எங்கே இருந்தது? ஒரு வேர் அமெரிக்காவில். 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி வருவது நின்றது. பம்பாய்ப் பருத்திக்குக் கிராக்கி ஏறிற்று. தக்காணத்துக் குடியானவனுக்குக் கேட்ட அளவு கடன் கிடைத்தது. 1865இல் போர் ஓய்ந்தது, விலை விழுந்தது, கடன் கொடுத்தவர்கள் கையை இழுத்துக்கொண்டு பாக்கியைக் கேட்கத் தொடங்கினர். நிலவரியோ உயர்ந்திருந்தது. மற்றொரு வேர் சட்டத்தில் இருந்தது. 1859ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கடன் பத்திரம் மூன்றாண்டுகளே செல்லும் என்றது. வட்டி ஏறிக்கொண்டே போகாமல் தடுப்பதே அதன் நோக்கம். நடந்ததோ வேறு. மூன்றாண்டு முடியும்போதெல்லாம் வட்டிக்காரர் புதுப் பத்திரம் எழுதி வாங்கினார். அசலோடு நிலுவை வட்டியும் சேர்ந்து புதிய அசல் ஆயிற்று. அதன்மேல் மீண்டும் வட்டி ஓடிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவன் எதற்குக் கைநாட்டு வைக்கிறோம் என்று அறியாமலே வைத்தான். ரசீது பெறும் வழக்கமும் இல்லை. கடனாளியைக் காக்க வந்த சட்டம் அவனையே சுற்றி வளைத்த கதைகளில் இது ஒன்று. இத்தகையவை வேறும் உண்டு.

அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் பிறந்தது. பத்திரங்களைக் கிராமப் பதிவாளர் முன்னிலையில் எழுத வேண்டும், பணம் பெற்றால் ரசீது தர வேண்டும், குடியானவன் கேட்டால் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. இதன் உட்பொருள் பெரிது. தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டைத் தானும் காணும் உரிமை கடனாளிக்கு உண்டு என்பதை அச்சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டது. இக்கட்டுரையில் இந்த உரிமை பின்னும் இருமுறை தலைகாட்டும்.

இப்பொழுது நியூயார்க் நகரத்திற்குச் செல்வோம். அங்கே ஆர்தர் தப்பான், லூயிஸ் தப்பான் என்று இரு சகோதரர்கள் பட்டு வாணிகம் செய்துவந்தனர். ஆழ்ந்த சமயப் பற்றுடையவர்கள். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்கள். 1837ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அவர்கள் கடை நொடித்தது. தொலைவூர் வியாபாரிகளுக்குக் கடனாகச் சரக்கனுப்பி, அவர்கள் எத்தகையவர் என்று அறியாமல் இழந்தது அதற்கு ஒரு காரணம். அந்த அனுபவத்தையே லூயிஸ் தப்பான் புதுத் தொழிலாக மாற்றிக்கொண்டார். 1841இல் அவர் தொடங்கிய ‘மெர்க்கண்டைல் ஏஜன்சி’ நாடெங்குமுள்ள சில்லறை வியாபாரிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டிப் பெரும் பேரேடுகளில் கையால் எழுதி வைத்தது. சந்தா கட்டிய மொத்த வியாபாரி அலுவலகத்திற்கு வந்து கேட்டால் படித்துக் காட்டுவார்கள்.

செய்தி அனுப்பியவர்கள் யார்? பெரும்பாலும் சிற்றூர் வழக்கறிஞர்கள். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கனும் அத்தகைய நிருபராக இருந்தவர். இவர்களுக்குத் தப்பான் சம்பளம் தரவில்லை. அவர்கள் ஊரில் எவனேனும் கடன் செலுத்தத் தவறினால், அந்தக் கடனைத் தண்டும் வேலையை அந்த வழக்கறிஞரிடமே ஒப்படைக்கச் செய்தார். அதில் கிடைக்கும் கட்டணமே அவர் ஊதியம். ஆகவே கடன் அறிக்கையும் கடன் தண்டலும் பின்னாளில் உறவு கொண்டாடியவை அல்ல. ஒரே தொட்டிலில் கிடந்த இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் நாணயத்தைப் பற்றிக் குறிப்பு எழுதுபவரே அவனிடம் பணம் தண்டவும் போகிறார் என்றால், அக்குறிப்பு எவ்வளவு நடுநிலையோடு இருக்கும் என்று நாம் ஐயுறுவது முறையே. லூயிஸ் தப்பானின் நேர்மையை நான் குறைத்துக் கூறவில்லை. அவர் அமைத்த ஏற்பாட்டைத்தான் கூறுகிறேன்.

அந்தப் பேரேடுகளில் ஒருவன் கடையின் சரக்கு மட்டுமின்றி, அவன் குடிப்பானா, மனைவியோடு ஒத்து வாழ்கிறானா என்பதும் இடம்பெற்றது. ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் வியாபாரிகளாகிய பியர்ட்ஸ்லி சகோதரர்களைப் பற்றி, அவர்களுள் ஒருவரின் மனைவி மணவிலக்குக் கோரப் போகிறாள் என்றும், அதற்கு அஞ்சி அவர் சொத்தைக் கைமாற்றிவிட்டார் என்றும் குறிப்பு எழுதப்பட்டது. நியூயார்க்கில் அவர்களுக்குக் கடனில் சரக்குக் கிடைப்பது நின்றது. காரணத்தை ஆராய்ந்து அறிந்த சகோதரர்கள் 1848இல் அவதூறு வழக்குத் தொடுத்தனர். சாட்சியம் சொல்ல வந்த ஏஜன்சியின் பங்காளி, செய்தி தந்தவர் பெயரை வெளியிட மறுத்துச் சிறை சென்றார். 1851இல் நடுவர் குழு 10,000 டாலர் இழப்பீடு விதித்தது. வழக்கு மேல்முறையீடாகி உச்ச நீதிமன்றம் சென்று, 1870இல் அத்தீர்ப்பு தள்ளுபடியாயிற்று. இருபத்திரண்டு ஆண்டுகள் போராடியும் அவர்களுக்கு ஒன்றும் கிட்டவில்லை. அந்த ஏஜன்சியின் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பேரேடுகள் ஹார்வர்டு பல்கலைக் கழக நூலகத்தில் உள்ளன. ஆராய்ச்சியாளர் இன்றும் அவற்றைப் புரட்டுகின்றனர். எப்போதோ மறைந்த ஒரு பலசரக்குக் கடைக்காரன் குடிகாரன் என்ற செய்தி அங்கே அழியாமல் கிடக்கிறது.

வியாபாரிகளை விட்டுச் சாதாரணக் குடிமக்களிடம் இந்த வழக்கம் வந்தது அந்நூற்றாண்டின் இறுதியில். 1899இல் அட்லாண்டா நகரில் வுல்ஃபோர்டு சகோதரர்கள் தொடங்கிய ‘ரீடெயில் கிரெடிட்’ நிறுவனம், மளிகைக் கடைகளில் கணக்கு வைத்திருந்தோரின் பெயர்ப் பட்டியலைப் புத்தகமாக வெளியிட்டது. தவறாமல் கொடுப்பவர், தாமதமாகக் கொடுப்பவர், ரொக்கம் பெற்றே சரக்குத் தர வேண்டியவர் என்று அதில் குறியீடுகள் இருந்தன. இந்நிறுவனமே 1975இல் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இக்குறியீடுகள் எண்ணாக மாறியது இரு அறிஞர் தொடங்கிய முயற்சியால். 1956இல் கலிஃபோர்னியாவில் பில் ஃபேர் என்னும் பொறியாளரும் எர்ல் ஐசக் என்னும் கணிதவல்லுநரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு நிறுவனம் தொடங்கினர். முன்பு கடன் வாங்கியோரில் யார் திருப்பித் தந்தனர், யார் தரவில்லை என்ற கணக்கிலிருந்து, புதிதாகக் கேட்பவர் தருவாரா என்பதைக் கணிக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. கடன் கொடுக்கும் நிறுவனங்கள் ஐம்பதுக்கு எழுதினார்கள். ஒன்றே ஒன்று பதில் போட்டது. மூன்று பெருங்கடன் தகவல் நிறுவனங்களுக்கும் பொதுவான மதிப்பெண் முறை 1989இல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கிற்று. அது 300 முதல் 850 வரை செல்வது. அதில் ஏறத்தாழ 35 விழுக்காடு, கடன்களைக் குறித்த காலத்தில் செலுத்தினாரா என்பதைப் பொறுத்தது. எண் முறையில் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்கலாகாது. மேலாளரின் விருப்பு வெறுப்பும், விண்ணப்பிப்பவரின் நிறமும் குலமும் அவர் மனைவியின் குணமும் அதில் நேராக இடம்பெறுவதில்லை.

தண்டலுக்குச் சென்ற கடன் அங்கே ஒருவரை எப்படித் தாக்குகிறது? வங்கியோ மருத்துவமனையோ சில மாதங்கள் கேட்டுப் பார்த்துவிட்டுப் பாக்கியைத் தண்டல் நிறுவனத்திடம் ஒப்படைக்கும், அல்லது சொற்ப விலைக்கு விற்றுவிடும். அது கடனாளியின் அறிக்கையில் தனி வரியாக ஏறும். தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, அத்தகைய வரி ஒன்று இருக்கிறது என்பதும் அது எவ்வளவு அண்மையது என்பதுமே பெரிதும் கணக்கில் வரும். நல்ல மதிப்பெண் உடையவருக்கே வீழ்ச்சி மிகுதி. வெள்ளை வேட்டியில் கறை பளிச்சென்று தெரிவது போல. பழைய கணக்கு முறைகளில், பாக்கியைக் கட்டிய பின்பும் கறை போகவில்லை. 2009இல் வந்த முறை, முதலில் 100 டாலருக்குக் குறைவாக இருந்த தண்டல் கடனை விட்டுவிட்டது. 2014இல் வந்த முறையே கட்டித் தீர்த்த தண்டல் கடனைப் பொருட்படுத்தாமல் விட்டது. ஆனால் பல வங்கிகள் பழைய முறைகளையே கைவிடாதிருந்தன.

சட்டமும் மெல்ல மெல்ல வந்தது. 1970ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம், தன் ஏட்டில் உள்ளதை அறியவும் தவற்றை மறுக்கவும் குடிமகனுக்கு உரிமை தந்தது. தண்டலுக்குச் சென்ற கடன் ஏழாண்டுகளுக்கு மேல் அறிக்கையில் இருக்கலாகாது என்றும் வரையறுத்தது. கடன் கைமாறும்போதெல்லாம் தண்டல்காரர்கள் ஏழாண்டைப் புதிதாக எண்ணத் தொடங்கியதால், 1996இல் திருத்தம் தேவைப்பட்டது: முதன்முதல் தவணை தவறிய நாளை ஒட்டியே எண்ண வேண்டும் என்றாயிற்று. சூபா வட்டிக்காரர் மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்திரத்தைப் புதுப்பித்த உத்தியை இது நினைவூட்டவில்லையா? 1977இல் வந்த சட்டம், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் தண்டல்காரர் தொலைபேசியில் அழைப்பதைத் தடை செய்தது. நோயுற்றுக் கடன்பட்டோரின் நிலை மட்டும் நெடுநாள் கவனிக்கப்படவில்லை. 2022இல் கட்டித் தீர்த்த மருத்துவக் கடன்களையும், 2023இல் 500 டாலருக்குக் குறைந்தவற்றையும் கடன் தகவல் நிறுவனங்கள் தாமாகவே நீக்கின. எல்லா மருத்துவக் கடன்களையும் நீக்க 2025 ஜனவரியில் அரசு அமைப்பொன்று இயற்றிய விதியை அவ்வாண்டு ஜூலையில் டெக்சாஸ் நீதிமன்றம் இரத்து செய்துவிட்டது.

நம் நாட்டிற்குத் திரும்புவோம். வங்கிகளிடமிருந்து கடன் தகவல்களைத் திரட்டும் அதிகாரம் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ரிசர்வ் வங்கிக்குக் கிடைத்தது. அது பெருங்கடனாளிகளைப் பற்றியது. தையல் இயந்திரத்திற்குக் கடன் வாங்குபவரைப் பற்றியதன்று. 1999இல் சித்திக்கி தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 2000ஆம் ஆண்டில் மும்பையில் ‘சிபில்’ நிறுவப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியும் ஒரு வீட்டுக்கடன் நிறுவனமும் பெரும்பங்கு கொள்ள, அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு சிறுபங்கு கொண்டன. அவ்விரண்டில் ஒன்று டன் அண்டு பிராட்ஸ்டிரீட். அது வேறு யாருமல்ல. 1841இல் தப்பான் தொடங்கிய ஏஜன்சியின் வழித்தோன்றலே. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ஹைமார்க் ஆகியவையும் வந்தன. எனினும் மக்கள் பேச்சில் எல்லாமே ‘சிபில் ஸ்கோர்’தான்.

இந்திய முறையில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே வீட்டுக்கு வரும் வசூல் முகவர் பெரும்பாலும் வங்கியின் ஏவலாளரே. கடன் வங்கியின் பெயரிலேயே நிற்கும். ஆதலால் முகவர் வந்துபோனதை அறிக்கை தனி வரியாகக் குறிப்பதில்லை. அதற்குப் பதிலாக, எத்தனை நாள் தாமதம் என்பதை மாதந்தோறும் குறிக்கிறது. முப்பத்தாறு மாதக் கணக்கு கட்டம் கட்டமாக விரியும். தாமதம் 90 நாளைக் கடந்தால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். பின்னர்க் கணக்கினின்று ‘எழுதித் தள்ளப்பட்டது’ என்ற குறிப்பு வரலாம். எழுதித் தள்ளியதால் கடன் ஒழிந்தது என்று கடனாளி மகிழ வேண்டா. அஃது வங்கியின் கணக்கு முறையே. பாக்கி அப்படியே நிற்கும். சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திற்குக் கடன் விற்கப்பட்டால் அந்நிறுவனம் அதே கதையை ஏட்டில் தொடர்ந்து எழுதும்.

இவ்விடத்தில் சொல் ஒன்றால் விளையும் தீங்கைக் குறிப்பிட வேண்டும். ‘செட்டில்’ என்பது தமிழர் நாவில் நல்ல சொல். ‘பையன் செட்டில் ஆகிவிட்டான்’ என்றால் பெற்றோருக்கு நிம்மதி. வசூல் முகவர் வந்து, எண்பதாயிரம் பாக்கிக்கு முப்பதாயிரம் கட்டுங்கள், கணக்கைச் செட்டில் செய்துவிடுகிறோம் என்றால், கடனாளி நகையை அடகு வைத்தேனும் கட்டுகிறார்; கடன் தீர்ந்தது என்று உறங்குகிறார். அறிக்கையிலோ ‘செட்டில்டு’ என்ற அச்சொல், முழுத்தொகையைத் தராமல் குறைத்துக் கட்டியவர் என்று பொருள்படும். அடுத்த வங்கி அதைக் கண்டு பின்வாங்கும். முழுவதும் செலுத்தியவர்க்கு ‘குளோஸ்டு’ என்று எழுதுவார்கள். இரண்டையும் ‘தீர்க்கப்பட்டது’ என்றே தமிழில் பெயர்த்த படிவங்களை நான் கண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழைக்குக் கடனாளி வட்டி கட்டுவது நன்றன்று. குறைத்துக் கட்டியவர் பின்னர் எஞ்சியதையும் செலுத்தினால், குறிப்பை மாற்றித் தருமாறு வங்கியைக் கேட்கலாம்.

தண்டும் முறையைப் பற்றியும் இங்கே வழக்குகள் எழுந்தன. அடியாட்களை ஏவிக் கடன் வசூலிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் கடிந்துரைத்தது. 2008இல் ரிசர்வ் வங்கி முகவர்களுக்கு நெறிமுறை வகுத்தது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது என்று 2022இல் வலியுறுத்தியது. அதற்கு நெடுநாள் முன்பே, 1980இல், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லாமையால் கடன் செலுத்தாதவனைச் சிறையிலிடலாகாது, தீய எண்ணம் இருந்ததாக மெய்ப்பித்தாலன்றி அது அநீதி என்று தீர்ப்பளித்தார். இல்லாதவனையும் ஏமாற்றுபவனையும் அத்தீர்ப்பு பிரித்தது. எண்ணுக்கு அந்தப் பிரிவு தெரியாது. ஆலை மூடி வேலை இழந்தவனும், சம்பளம் வந்தும் கட்ட மறுத்தவனும் 90 நாள் தாமதம் என்ற ஒரே கட்டத்தில் நிற்கின்றனர்.

பிழைகளும் நேர்கின்றன. தமிழருக்கு இதில் தனித் தொல்லை உண்டு. முன்னெழுத்தைக் குடும்பப் பெயராக விரித்து எழுதச் சொல்லும் படிவங்களால் ஒருவரே இருவராகிறார். ஒரே பெயருடைய இருவர் ஒருவராகிறார். தகவல் நிறுவனம் தானாக ஏட்டைத் திருத்த இயலாது. கடன் கொடுத்த வங்கி ஒப்ப வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முறையீடு 30 நாளில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலில் வந்தது. 1879இல் தக்காணக் குடியானவனுக்கு அளிக்கப்பட்ட கணக்குச் சீட்டின் வழிவந்தவை என்றே நான் இவற்றைக் கருதுகிறேன். ஆனால் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்?

எண்ணின் ஆட்சி இப்போது வங்கிக் கடனோடு நின்றுவிடவில்லை. 2023இல் கேரள உயர் நீதிமன்றம், மதிப்பெண் குறைவு என்ற காரணத்தால் மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கலாகாது என்றது. மாணவர் நாளைய நாட்டைக் கட்டுபவர் என்பதையும், படிப்பு முடிந்தபின் அவர் ஈட்டப் போவதையும் வங்கி எண்ண வேண்டும் என்பது நீதிபதியின் கருத்து. 2025இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது வேறொரு வழக்கு. வங்கி அலுவலர் பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய பழைய கடன் அறிக்கையைக் காரணம் காட்டி இரத்து செய்யப்பட்டது. கடன்களையெல்லாம் தீர்த்துவிட்டதாக அவர் வாதாடினார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் பணிக்கு அத்தகைய நிபந்தனை விதிக்க வங்கிக்கு உரிமை உண்டு என்று கூறி, நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது.